கொல்லப்படாத கோள்

வீடியோ கேம் ரசிகர்கள் அலுக்காமல் சொல்லும் கொலைக் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ட்வைகிராஸ் என்றொரு சிற்றூர். அங்கே ரேர் என்ற நிறுவனம் 1990களின் இறுதியில் நிண்டெண்டோ 64 கன்சோலுக்காக ‘டைனோசர் பிளானெட்’ என்ற கேமைச் செய்துகொண்டிருந்தது. சொந்தக் கதை, சொந்தப் பாத்திரங்கள், டைனோசர்கள் பேசித் திரியும் சொந்த உலகம். வேலை முடியும் தறுவாயில் நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ அதைப் பார்த்தார். நாயகன் சேபர், தங்கள் ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ வரிசையின் நரி நாயகன் ஃபாக்ஸ் மெக்கிளவுடின் சாயலில் இருப்பதைக் கவனித்தார். அத்தோடு டைனோசர் பிளானெட்டின் ஆயுள் முடிந்தது. 2002 செப்டம்பரில் கேம்கியூப் கன்சோலில் ‘ஸ்டார் ஃபாக்ஸ் அட்வெஞ்சர்ஸ்’ வந்தது. ஒரு தலைசிறந்த படைப்பைக் கொன்று, அதன் தோலை உரித்து, விற்கிற பெயருக்குப் போர்த்திவிட்டார்கள் என்று கதை முடியும்.

2021 பிப்ரவரியில் அந்த நிண்டெண்டோ 64 வடிவத்தின் முடிவுறாத பிரதி ஒன்று பொதுவெளிக்கு வந்தபோது கதைக்குப் புது ரத்தம் கிடைத்தது. சாட்சியே கிடைத்துவிட்டது, இனி விசாரணை எதற்கு என்பதுபோல் பேசத் தொடங்கினார்கள். பழைய கேம்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறார்கள்: அசல் தங்கம், வந்தது முலாம்.

இந்தக் கதையில் பெயர்கள் சரி, ஆண்டுகள் சரி. தீர்ப்புதான் தவறு. டைனோசர் பிளானெட்டை யாரும் கொல்லவில்லை. வேறு பெயரில் முடித்தார்கள். முடித்த விதத்தில் குறைகள் ஏராளம், அவற்றை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் குறைகளுக்குக் காரணம் மாற்றியது என்பதை ஏற்க முடியாது. மாற்றத்தைப் பாதியில் நிறுத்தியதுதான் காரணம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் முதல் குற்றச்சாட்டை நம்பினால் கேம்கள் எப்படி உருவாகின்றன என்பதையே தலைகீழாகப் புரிந்துகொள்வோம்.

‘முடியும் தறுவாயில் இருந்த தலைசிறந்த படைப்பு’ என்ற பேச்சிலிருந்து தொடங்குவோம். வெளியே வந்த பிரதி 2000 டிசம்பர் 1ஆம் தேதியிட்டது. பழைய கேம்களைப் பாதுகாக்கும் ‘ஃபாரஸ்ட் ஆஃப் இல்லூஷன்’ என்ற குழு ஒரு தனிச் சேகரிப்பாளரிடமிருந்து வாங்கி அதை வெளியிட்டது. உள்ளே இருப்பது வியப்பூட்டும் உழைப்பு. பெரிய நிலப்பரப்புகள், நிறையக் குரல் நடிப்பு, அந்தக் கன்சோலால் இவ்வளவு முடியுமா என்று கேட்க வைக்கும் காட்சிகள். ஆனால் கோடில் கை வைத்துத் திருத்தாமல் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளையாட முடியாது. பல இடங்களில் திரை தடுமாறுகிறது, சில இடங்களில் நிகழ்வுகள் அடுத்ததற்கு நகர மறுக்கின்றன. முடியாத கேம் அப்படித்தான் இருக்கும், அது குறை அல்ல. அதை ‘முடிந்த தலைசிறந்த படைப்பு’ என்று அழைப்பதுதான் குறை.

புலம்புகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போகும் செய்தி இன்னொன்று. அந்தப் பிரதியிலேயே சேபர் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஃபாக்ஸ் மெக்கிளவுடின் உருவம் நிற்கிறது. பழைய பெயர் வசனங்களில் எஞ்சியிருக்கிறது, ஆள் மாறிவிட்டான். அதாவது எந்தப் பிரதியைத் தூய அசலுக்குச் சாட்சி என்று தூக்கிப் பிடிக்கிறார்களோ அதுவே பாதி மாறிய பிரதி. மாற்றத்துக்கு முந்தைய தூய டைனோசர் பிளானெட்டாகப் பொதுமக்கள் பார்த்ததெல்லாம் 2000ஆம் ஆண்டில் ரேர் காட்டிய முன்னோட்டக் காட்சிகளும் படங்களும்தான். முன்னோட்டம் என்பது விற்பதற்காகவே தேர்ந்து கோத்தது. எந்தக் கேமும் தன் முன்னோட்டத்தைவிட மோசமாக இருக்கும். டைனோசர் பிளானெட்டுக்கு மட்டும் அந்த ஏமாற்றத்தைத் தரும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

சரி, மியாமோட்டோ வாயைத் திறக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடந்திருக்கும்? நிண்டெண்டோ 64 வெளிவந்தது 1996இல். 2000 மார்ச்சில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. 2001 செப்டம்பரில் ஜப்பானிலும் நவம்பரில் வட அமெரிக்காவிலும் நிண்டெண்டோவே தன் அடுத்த கன்சோலான கேம்கியூபைக் கொண்டுவந்தது. டைனோசர் பிளானெட்டோ 512 மெகாபிட் காட்ரிட்ஜுக்காகத் திட்டமிடப்பட்டிருந்தது. அதாவது 64 மெகாபைட். அந்தக் கன்சோலின் காட்ரிட்ஜ்களில் மிகப் பெரிய அளவு, தயாரிக்கச் செலவு மிகுந்த அளவும்கூட. கன்சோலோடு வந்த 4 மெகாபைட் நினைவகம் போதாது, தனியாக வாங்கிச் செருகும் இன்னொரு 4 மெகாபைட்டும் வேண்டும். பழைய கன்சோலை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், விலை உயர்ந்த காட்ரிட்ஜில், யாரும் கேள்விப்படாத பாத்திரங்களோடு ஒரு கேம். அதற்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும்?

இதை ஊகிக்க வேண்டியதே இல்லை. அதே நிறுவனம், அதே கன்சோலில், அதே அளவு காட்ரிட்ஜில், 2001 மார்ச்சில் ‘கான்கர்ஸ் பேட் ஃபர் டே’ என்ற கேமை வெளியிட்டது. சொந்தப் பாத்திரம், அந்நியப் பெயர் எதுவும் ஒட்டப்படவில்லை. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். விற்பனை எடுபடவில்லை. அது வயது வந்தவர்களுக்கான கேம் என்பதும் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காலம் முடிந்த கன்சோலில் கடைசியாக வருகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. ரசிகர்கள் கற்பனை செய்யும் மாற்று வரலாற்றில் டைனோசர் பிளானெட் 2001இல் வெளிவந்து உலகை வென்றிருக்கும். உண்மை வரலாற்றுக்கு அருகில் இருப்பது, அது வெளிவந்து சில ஆயிரம் பேரால் மட்டும் நினைவுகூரப்படும் சாத்தியம்தான்.

அடுத்தது, மேலிடத்திலிருந்து திணித்தார்கள் என்ற குற்றச்சாட்டு. கைவினைஞர்களின் பட்டறைக்குள் நிறுவன முதலாளி புகுந்து சட்டத்தை மாற்றினான் என்ற சித்திரம் மனதுக்கு இதமானது. ஆனால் ரேரின் வரலாற்றைத் திறந்தால் அந்தச் சித்திரம் நிற்காது. செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது, உடைப்பது, வேறொன்றாகச் செய்வது என்பதே அந்த நிறுவனத்தின் வேலை முறை.

‘டிரீம்’ என்ற பெயரில் சூப்பர் நிண்டெண்டோவுக்காக ஒரு சாகச கேம் தொடங்கப்பட்டது. நாயகன் ஒரு சிறுவன். வேலை நிண்டெண்டோ 64க்கு மாறியது, சிறுவன் போனான், கடைசியில் முதுகுப்பையில் பறவையைச் சுமந்த கரடி வந்தது. 1998இல் வெளிவந்த ‘பாஞ்சோ-கஸூயி’ அதுதான். கான்கரும் அப்படியே. 1997இல் குழந்தைகளுக்கான கொழுகொழு அணிலாக அறிமுகமாகி, ‘ட்வெல்வ் டேல்ஸ்’ என்ற பெயரில் சில காலம் வளர்ந்து, பாஞ்சோவின் நிழலாக இருக்கிறது என்ற முணுமுணுப்பைக் கேட்டபின், அதே அணில் குடித்துவிட்டு வசைபாடும் கேலிக் கேமாகத் திரும்பி வந்தது. 1997இன் ‘டிட்டி காங் ரேசிங்’ அதற்கு முன் ‘ப்ரோ-ஆம் 64’ என்ற வேறொரு பந்தய கேம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு பாஞ்சோ தயாராகாததால், இருந்த பந்தய கேமின் மேல் டிட்டி காங் என்ற குரங்கு ஏற்றப்பட்டது. டிட்டி காங்கை வடிவமைத்ததே ரேர்தான் என்று சிலர் குறுக்கிடுவார்கள். உண்மை. ஆனால் உரிமை நிண்டெண்டோவினுடையது. விற்கிற பெயரைக் கடைசி நேரத்தில் ஒட்டுவது என்ற செயலில் எந்த வேறுபாடும் இல்லை.

ஆறு ஆண்டுக்குள் நான்கு கேம்கள் இப்படி உருமாறின. முதல் மூன்றையும் ரேரின் பொற்காலம் என்கிறோம். நான்காவதை மட்டும் கொலை என்கிறோம். செயல் ஒன்று, தீர்ப்பு இரண்டு என்றால் என்ன பொருள்? நாம் செயலைத் தீர்ப்பிடவே இல்லை. விளைவு பிடித்திருந்தால் ‘துணிச்சலான மறுசிந்தனை’, பிடிக்காவிட்டால் ‘நிறுவனத்தின் தலையீடு’. இப்படிப் பெயர் சூட்டுவதை விமர்சனம் என்று ஏற்க முடியாது.

ரேரை விட்டு வெளியே போனாலும் கதை இதேதான். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ கேமை ஒருமுறை பெரும்பகுதி முடித்தபின் தூக்கி எறிந்தது. தயாரிப்பாளர் ஷின்ஜி மிக்காமிக்கு அது திருப்தி தரவில்லை. எழுத்தாளர் நொபொரு சுகிமுராவின் வருகைக்குப் பின் கதை முதல் பாகத்தோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டது. எல்ஸா வாக்கர் என்ற மோட்டார் சைக்கிள் வீராங்கனை நீக்கப்பட்டு, முதல் பாக நாயகனின் தங்கை கிளேர் ரெட்ஃபீல்ட் வந்தாள். காவல் நிலையக் கட்டடம்கூட மறுபடி வடிவமைக்கப்பட்டது. 1998 ஜனவரியில் வந்த அந்த இரண்டாவது முயற்சியைப் பயங்கர கேம்களின் உச்சங்களில் ஒன்று என்கிறோம். கைவிட்ட முதல் வடிவத்துக்கும் ரசிகர்கள் உண்டு, அதைத் தேடித் தொகுக்கிறவர்களும் உண்டு. ஆனால் கேப்காம் கொன்றது என்று யாரும் சொல்வதில்லை.

அதே நிறுவனத்தில் ஹிதேகி கமியாவின் குழு அடுத்து ‘ரெசிடென்ட் ஈவில் 4’ செய்யப் புறப்பட்டது. செய்யச் செய்ய அது பயம் விலகி வாள்வீச்சும் துப்பாக்கியுமாக, ஆடம்பரமான சண்டையாக மாறிக்கொண்டே போனது. இது ரெசிடென்ட் ஈவில் ஆகாது என்று தெரிந்ததும் பெயரைக் கழற்றிவிட்டுத் தனிக் கேமாக்கினார்கள். 2001இல் வந்த ‘டெவில் மே க்ரை’ ஒரு புதிய வகையையே தொடங்கி வைத்தது. ப்ளிஸர்ட் நிறுவனத்தின் ‘டைட்டன்’ இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. ஏழு ஆண்டு வேலை 2014 செப்டம்பரில் ரத்து என்று அறிவிக்கப்பட்டது. அதன் இடிபாடுகளிலிருந்து எழுந்த ‘ஓவர்வாட்ச்’ 2016 மே மாதம் வெளிவந்து அந்த ஆண்டின் பேச்சானது. டைட்டனுக்காக யாரும் அழவில்லை, ஏனென்றால் டைட்டனின் முன்னோட்டத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு கேமின் இழப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை அதன் தரம் தீர்மானிப்பதில்லை. அதிலிருந்து நம் கண்ணில் பட்ட நிமிடங்கள்தான் தீர்மானிக்கின்றன.

இனி ஸ்டார் ஃபாக்ஸ் அட்வெஞ்சர்ஸுக்கே வருவோம். அதன் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

‘ஸெல்டா’ கேம் வரிசையைப் பார்த்து எழுதியது என்பார்கள். ஆம். எதிரியின் மேல் பார்வையைப் பூட்டிச் சண்டையிடுவது, கோயில் கோயிலாகப் போய்ப் பொருள் சேர்ப்பது, பொருள் கிடைத்ததும் புது வழி திறப்பது எல்லாம் அந்த வரிசையில் 1998இல் வந்த ‘ஆக்கரீனா ஆஃப் டைம்’ போட்ட தடம். ஆனால் இது டைனோசர் பிளானெட்டிலேயே இருக்கிறது. கசிந்த பிரதியை விளையாடினால் அது கண்கூடு. எடுத்துவா, கொடு, திரும்பிப்போ என்று அலைக்கழிக்கிறது என்பார்கள். அதுவும் பழைய சொத்து. நான்கு ஸ்பெல்ஸ்டோன்களும் ஆறு கிராஸோவா ஆவிகளும் தேடி வரைபடத்தின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நடக்கும் எலும்புக்கூடு ஃபாக்ஸ் கொண்டு வந்தது இல்லை. ஓயாமல் பேசி எரிச்சலூட்டும் குட்டி டைனோசர் டிரிக்கி? சேபரின் தோழனாகப் பிறந்தவன்தான் அவன். கேமை வெறுக்கிறவர்கள் வெறுக்கும் பாதி விஷயங்கள், அவர்கள் காதலிக்கும் அசலின் உடைமைகள்.

மறுபாதி குறைகளைப் பார்ப்போம். கோளிலிருந்து பிய்ந்து மிதக்கும் நான்கு துண்டுகளுக்குப் போக ஃபாக்ஸ் தன் ஆர்விங் விமானத்தில் ஏற வேண்டும். வழியில் குறித்த எண்ணிக்கையில் தங்க வளையங்களுக்குள் புகுந்து பறக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம், பிறகு மீண்டும் நடை. இது ஸ்டார் ஃபாக்ஸ் என்று நினைவூட்டுவதற்கான ரசீது என்பதைத் தாண்டி அதற்கு வேலை இல்லை. வானப் போர் வீரனான ஃபாக்ஸிடம் துப்பாக்கி வேண்டாம் என்று அவனுக்கு உத்தரவிடும் ஜெனரல் பெப்பர் சொல்லிவிடுகிறார். கிரிஸ்டல் என்ற பெண்ணின் கைத்தடியை எடுத்துக்கொண்டு அவன் கேம் முழுதும் நடக்கிறான். அவனுடைய படையில் முக்கியமான ஃபால்கோ கடைசிச் சண்டைவரை காணோம். முழு நேரமும் கோளை ஆட்டிப்படைக்கும் கொடுங்கோலன் ஜெனரல் ஸ்கேல்ஸோடு மோதும் கட்டம் வருகிறது. ஆயுதத்தை ஓங்குகிறோம், மோதல் நடக்கவில்லை. அவன் ஒதுங்குகிறான், திரைக்குப் பின்னிருந்து பழைய ஸ்டார் ஃபாக்ஸ் வில்லன் ஆண்ட்ராஸ் வருகிறான், ஒரு விமானச் சண்டையோடு எல்லாம் முடிந்துபோகிறது. பத்து, பதினைந்து மணி நேரம் வளர்த்த பகைக்கு முடிவு இல்லை. புதிதாக வந்தவனோடு சண்டை இருக்கிறது, பகை இல்லை.

இந்தக் குறைகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இவை என்ன வகைக் குறைகள் என்று பாருங்கள். இரண்டு கேம்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வானம் நிலத்துக்கு எதையும் கொடுக்கவில்லை, நிலம் வானத்திடம் எதையும் கேட்கவில்லை. ஃபாக்ஸ் வந்துவிட்டான், ஆனால் அவன் வந்ததால் கதை மாறவில்லை. கேப்காம் எல்ஸாவின் இடத்தில் கிளேரை வைத்தபோது கதையையே அவளைச் சுற்றி மறுபடி எழுதியது. கமியாவின் குழு பெயரைக் கழற்றியபோது அந்தப் பெயரோடு சேர்ந்த எல்லாத் தயக்கங்களையும் கழற்றியது. ரேர் பாஞ்சோவுக்காக அந்தச் சிறுவனின் உலகத்தையே விட்டுக்கொடுத்தது. ஸ்டார் ஃபாக்ஸ் அட்வெஞ்சர்ஸில் மட்டும் நாயகனையும் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிவிட்டு நடுவை அப்படியே விட்டார்கள். அசலின் நினைவாகக் காப்பாற்றிய அந்த நடுப்பகுதிதான் புதிய கேமின் கழுத்தில் கல்லாகத் தொங்குகிறது. இரக்கமில்லாமல் இன்னும் நிறைய அழித்திருந்தால் இது நல்ல கேமாகியிருக்கும்.

இந்த வழக்கில் உண்மையான குற்றம் ஒன்று இருக்கிறது. அது கிரிஸ்டலுக்கு நேர்ந்தது. டைனோசர் பிளானெட்டில் அவளும் நாயகி. சேபருக்குச் சமமாக அவளுக்கும் தனிக் கதைப்பாதை, தனித் தோழி கைட், தனி ஆயுதம். இருவருக்குமிடையே மாறி மாறி விளையாடலாம். வெளிவந்த கேமில் தொடக்கத்தில் சிறிது நேரம் அவளாக விளையாடுகிறோம், பிறகு அவள் படிகத்துக்குள் சிறைபட்டுக் கடைசிவரை மிதக்கிறாள். அவளுடைய கைத்தடியைக் கண்டெடுத்த ஃபாக்ஸ் அவளைக் காப்பாற்றும் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறான். பெண்ணியப் பார்வையில் கேம்களை ஆராய்ந்த அனிட்டா சார்கீசியன் 2013இல் தன் காணொளித் தொடரை இந்த எடுத்துக்காட்டிலிருந்துதான் தொடங்கினார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை.

மறுப்பு, இந்தக் குற்றத்தைப் பெயர் மாற்றத்தின் தலையில் சுமத்துகிறவர்களோடு. பெயரைப் போர்த்தினால் பெண் சிறைப்பட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதா? நிண்டெண்டோவின் வரலாற்றிலேயே நேரெதிரான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1987இல் ஜப்பானில் வந்த ‘டோகி டோகி பேனிக்’ என்ற கேமின் பாத்திரங்களை எடுத்துவிட்டு, 1988இல் அமெரிக்காவில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ ஆக்கினார்கள். இதைவிட அப்பட்டமான போர்வை கிடையாது. ஆனால் அந்தப் போர்வையால் என்ன நடந்தது? முதல் பாகத்தில் கோட்டைக்குள் அடைபட்டுக் காத்திருந்த இளவரசி, மாரியோவோடு சமமாக ஓடித் தாவும் பாத்திரமானாள். அசல் கேமில் காற்றில் மிதந்து தாவிய லீனா என்ற பெண்ணின் திறன் அப்படியே அவளுக்கு வந்தது. அதே நிறுவனம், அதே போர்த்தும் வேலை. அங்கே சிறை திறந்தது, இங்கே பூட்டியது. ஆகவே பூட்டியது போர்வை இல்லை. எழுதியவர்கள் எடுத்த முடிவு அது. ஃபாக்ஸும் கிரிஸ்டலும் ஆளுக்கொரு பாதையில் நடக்கும் ஸ்டார் ஃபாக்ஸ் கேமைச் செய்ய எந்தத் தடையும் இருக்கவில்லை. இரட்டைப் பாதைக்கான வேலை பாதிக்குமேல் முடிந்தும் இருந்தது. ‘நிண்டெண்டோ கொன்றது’ என்ற பெரிய புலம்பல், இந்தச் சிறிய, துல்லியமான, பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய கேள்வியை மூடி மறைக்கிறது. தெய்வ விதிபோல் ஒன்றைச் சொல்லிவிட்டால் மனிதர்கள் பதில் சொல்லத் தேவையில்லாமல் போகிறது.

பணக் கணக்கு மிச்சமிருக்கிறது. கேம் வட அமெரிக்கக் கடைகளுக்கு வந்த சில நாட்களுக்குள், 2002 செப்டம்பர் 24 அன்று, மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு ரேரை வாங்கிவிட்டதாக அறிவித்தது. ரேரில் 49 விழுக்காடு பங்கு வைத்திருந்த நிண்டெண்டோவும் தன் பங்கை விற்றுவிட்டது. நிண்டெண்டோவின் வீட்டுக் கன்சோலுக்கு ரேர் செய்த கடைசிக் கேமாக ஸ்டார் ஃபாக்ஸ் அட்வெஞ்சர்ஸ் நின்றுவிட்டது. கேம் ஸ்டார் ஃபாக்ஸ் பெயரில் வந்ததால் கிரிஸ்டலும் டிரிக்கியும் நிண்டெண்டோவிடமே தங்கிவிட்டார்கள். 2015இல் முப்பது பழைய கேம்களைத் தொகுத்து ரேர் வெளியிட்ட ‘ரேர் ரீப்ளே’யில் அவர்களுக்கு இடமில்லை. சொந்தப் பெயரில் வந்திருந்தால் பாஞ்சோபோல் இவர்களும் ரேரோடு போயிருக்கலாம் என்று சொல்கிறவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. பெயர் மாற்றத்தின் உண்மையான விலை இதுதான்.

ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. 2001இல் ரேர் ‘டாங்கி காங் ரேசிங்’ என்ற கேமைக் கேம்கியூபுக்காக அறிவித்திருந்தது. நிறுவனம் கைமாறியதும் டாங்கி காங் என்ற பெயரை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. பெயர் உரிந்த அந்தக் கேமை ‘சேபர்மேன் ஸ்டாம்பீட்’ என்று மாற்றிச் செய்து பார்த்தார்கள். சொந்தப் பாத்திரம், முழுச் சுதந்திரம், நிண்டெண்டோவின் நிழல்கூட இல்லை. அது வெளிவரவே இல்லை. ஒட்டிய பெயர் கேமைக் கொல்லும் என்றால், உரிந்த பெயர் அதைப் பிழைக்க வைத்திருக்க வேண்டுமே. டைனோசர் பிளானெட்டை அதன் பாட்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் இந்தக் கேமின் கதியையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொலைக் கதை ஏன் சாகவில்லை? செத்த மாடுதான் நிறையப் பால் கறக்கும். வெளிவந்த கேமின் ஒவ்வொரு மணி நேரத்தையும் நாம் அனுபவித்துக் குறை கண்டிருக்கிறோம். வராத கேமின் மணி நேரங்களை நாமே நிரப்பிக்கொள்கிறோம், நமக்குப் பிடித்த மாதிரி. ஒன்று தேர்வு எழுதியது, மற்றது எழுதவே இல்லை. இரண்டின் மதிப்பெண்ணையும் ஒப்பிடுகிறோம்.

இந்தச் சபலத்துக்கு ஸ்டார் ஃபாக்ஸ் வரிசையே மருந்தும் வைத்திருக்கிறது. ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ 1995இல் ஏறக்குறைய முடிந்த நிலையில் நிறுத்தப்பட்டது. சோனியும் செகாவும் புதிய முப்பரிமாணக் கன்சோல்களோடு வந்துவிட்டதால் சூப்பர் நிண்டெண்டோவில் அதை வெளியிடுவதில் பயனில்லை என்று நிண்டெண்டோ நினைத்தது. அதன் யோசனைகள் சில 1997இல் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 64’ கேமுக்குள் போயின. எத்திசையிலும் திரும்பிப் பறந்து சண்டையிடும் முறை அவற்றில் ஒன்று. இருபது ஆண்டுக்கு மேல் ரசிகர்கள் அந்த இழந்த கேமைப் பற்றிக் கனவு கண்டார்கள். 2017 செப்டம்பரில் நிண்டெண்டோவே அதை ஒரு சிறு கன்சோலில் வைத்து முறைப்படி வெளியிட்டது. திறந்து விளையாடியவர்கள் கண்டது ஒரு புத்திசாலித்தனமான, சுருக்கமான, கரடுமுரடான கேம். மதிக்கத்தக்கது. ஆனால் ஸ்டார் ஃபாக்ஸ் 64ஐ மேடையிலிருந்து இறக்கிவிட்டு அதை ஏற்ற வேண்டும் என்று பேச யாரும் முன்வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தவுடன் புராணம் கேமாகிவிட்டது. டைனோசர் பிளானெட்டுக்கு அந்த நியாயம் முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் அது முழுதாக இல்லை. அதனால்தான் அதன் புராணம் மட்டும் உயிரோடிருக்கிறது.

இது பழைய கேம்களைப் பற்றிய சில்லறைச் சண்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மாற்றுவதையே குற்றமாக்கும் விமர்சனம், செய்கிறவர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது: காட்டியதைக் காப்பாற்று, எதையும் அழிக்காதே, அழித்தால் கொலைகாரன் என்பார்கள். அந்தப் பயத்தில் செய்யப்படும் திருத்தம் எப்படி இருக்கும்? ஸ்டார் ஃபாக்ஸ் அட்வெஞ்சர்ஸ் போலவே இருக்கும். மேலே புதுப் பெயர், உள்ளே பழைய வீடு, இரண்டுக்கும் நடுவே யாரும் பொறுப்பேற்காத இடைவெளி. ரெசிடென்ட் ஈவில் 2, பாஞ்சோ, டெவில் மே க்ரை எல்லாம் தங்கள் முதல் வடிவத்துக்குத் துரோகம் செய்த கேம்கள். அந்தத் துரோகம் முழுமையாக இருந்ததால்தான் அவை எழுந்து நின்றன.

ஆகவே டைனோசர் பிளானெட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக்கொள்வோம். ஏன் மாற்றினீர்கள் என்பது பயனற்ற கேள்வி. கன்சோலின் காலமும் காட்ரிட்ஜின் விலையும் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. மாற்றத் துணிந்தவர்கள் ஸ்கேல்ஸை ஏன் முடிக்கவில்லை, வானத்தையும் நிலத்தையும் ஏன் சேர்க்கவில்லை, விளையாடத் தயாராக இருந்த கிரிஸ்டலை ஏன் பூட்டினார்கள் என்று கேட்போம். இந்தக் கேள்விகளுக்கு நிண்டெண்டோவும் ரேரும் சேர்ந்தே பதில் சொல்லியாக வேண்டும். கொலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை இரண்டு பேருமே தப்பித்துக்கொள்வார்கள்.